டேஸ்கூலில் பெயர் கூப்பிடும் நாள்

வைகைக்கு வடகரையில் இருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசலில் கல்லில் வெட்டிய பெயர் ஒன்று உண்டு. பரிசுத்த ஆஸ்வால்ட் பேராலயப் பகல் பள்ளி. அதை யாரும் படிப்பதில்லை. ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், வெளியூர் ஆள் என்று கண்டுபிடித்து இரண்டு தெரு கூடுதலாகச் சுற்றிக் காட்டுவார். டேஸ்கூல் என்று சொன்னால் போதும், மறுபேச்சில்லாமல் கொண்டுபோய் இறக்கிவிடுவார். யார் கண்டது, அவரே அங்கே படித்தவராகவும் இருப்பார்.

அதைக் கட்டியவர் ஹார்ட்வெல் என்ற வெள்ளைக்காரப் பாதிரியார். மதுரை வாய்க்கு ஹார்ட்வெல் எங்கே வரும்? ஆட்டுவேல் சாமி ஆகிவிட்டார். இங்கிலாந்தில் ஏதோ ஒரு பழைய பேராலயத்தின் சுவரோடு சுவராக ஒட்டிய பள்ளியில் படித்தவராம். அதே போல இங்கேயும் ஒன்று வேண்டுமென்று கூரான வளைவுகள், நீண்ட தாழ்வாரம், வண்ணக் கண்ணாடி, மணிக்கூண்டு என்று வரைந்து கொடுத்தார். நம் ஊர்க் கொத்தனார்கள் கட்டினார்கள். அவர்கள் கை சும்மா இருக்குமா? பேராலயத் தூண்களின் தலையில் இரண்டு மூன்று யாளிகளும் எட்டிப் பார்க்கின்றன. சாமி ஒன்றும் சொல்லவில்லையாம்.

ஒன்றில் மட்டும் மனிதர் ஒற்றைக் காலில் நின்றார். விடுதி கூடவே கூடாது. எவ்வளவோ பேர் சொல்லிப் பார்த்தார்கள், மசியவில்லை. சின்ன வயதிலேயே அவரை விடுதியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்களாம், அந்த ஏக்கம் கடைசிவரை தீரவில்லை. பிள்ளை சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டும், அம்மா கையால் சாப்பிட வேண்டும், காலையில் திரும்பி வர வேண்டும். பகல் பள்ளி என்றால் அவருக்கு அதுதான் அர்த்தம்.

பிறகு காலரா வந்தது. ஆற்றங்கரைத் தெருக்களில் நோய் புகுந்தபோது, சாயங்காலம் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போன பிள்ளைகளில் சிலர் காலையில் திரும்பவில்லை. ஒருநாள் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்த சாமி, முந்தின நாள் மண்ணில் வைத்துவிட்டு வந்த பிள்ளையின் பெயரையும் பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது. அடுத்த பெயருக்குப் போக முடியவில்லை. அப்படியே நின்றார். அப்போது, இறந்த பிள்ளையோடு ஒரே பலகையில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து, "உள்ளேன் ஐயா" என்றான். சாமிக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் அடுத்த பெயர் வாயில் வந்தது.

அன்றிலிருந்து இன்றுவரை ஆடி மாதத்து முதல் வெள்ளியில் டேஸ்கூலில் பெயர் கூப்பிடுகிறார்கள். பேராலயத்துக்குள் எல்லாரும் கூடுவார்கள். காலராவில் போன பிள்ளைகளின் பெயர்களைத் தலைமையாசிரியர் முதலில் படிப்பார். இன்றைக்குப் படிக்கிற பிள்ளைகள் ஆளுக்கொன்றாக எழுந்து உள்ளேன் ஐயா என்பார்கள். பிறகு அந்த வருஷம் காலமான பழைய மாணவர்களின் பெயர்கள். அதற்கு வீட்டு ஆட்களோ கூடப் படித்தவர்களோ பதில் சொல்வார்கள். ஒரு பெயரை ஒரு தடவைதான் கூப்பிடுவது. யாராவது பதில் சொல்கிறவரை அடுத்த பெயருக்குப் போவதில்லை, எவ்வளவு நேரமானாலும் சரி. சாமி அன்றைக்கு அப்படித்தான் நின்றாராம், அதனால் இவர்களும் நிற்கிறார்கள்.

இதனால் அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சே உண்டாகிவிட்டது. ஒருவர் இறந்துபோனதைச் சொல்லும்போது, "அவருக்கு டேஸ்கூல்ல பதில் சொல்லியாச்சு" என்பார்கள். எரித்ததும் புதைத்ததும் கணக்கில்லை, அங்கே பதில் சொல்லிவிட்டால் முடிந்தது. அதற்கு மேல் ஆளைத் தேட வேண்டியதில்லை.

தாமரைச்செல்வி அந்தப் பள்ளியில்தான் படித்தாள், இப்போது அங்கேயே பாட்டு டீச்சர். பேராலயத்தின் பின்மாடத்தில் இருக்கிற பழைய கால்மிதி ஆர்கனை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். பூர்வீகம் எழுமலைப் பக்கம். அப்பா காட்டு நிலத்தைத் தம்பிகள் கையில் விட்டுவிட்டு வந்து திருநகரில் இரும்புக் கடை போட்டார். அண்ணனும் தங்கையும் அங்கிருந்து பஸ் ஏறி டேஸ்கூலுக்கு வந்து படித்தார்கள். இப்போது கல்யாணமாகி ஒத்தக்கடையில் இருக்கிறாள். வீட்டில் கருப்பசாமிக்குப் பொங்கல் வைத்துவிட்டு வந்து இங்கே கீர்த்தனை வாசிப்பாள். அதில் அவளுக்கும் குழப்பமில்லை, கருப்பசாமிக்கும் குழப்பமில்லை.

குழப்பமெல்லாம் அண்ணன் முத்திருளன் விஷயத்தில்தான். பாட்டு வகுப்பில் வாயை மட்டும் அசைத்துக் காலத்தை ஓட்டியவன். சமையல் படிப்புப் படித்தான், சரக்குக் கப்பலில் சமையல்காரனாகப் போனான். மாதம் ஒரு தடவை போன் வரும். "கப்பல்ல தயிரு ஒறைய மாட்டேங்குது தாமரை. ஆட்டிக்கிட்டே இருந்தா எப்புடி ஒறையும்?" என்று கவலைப்படுவான். கடைசியாகப் பேசியபோது, தை பிறந்ததும் வாரேன் என்றான். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. ஏதோ ஒரு துறைமுகத்தில் கரைக்கு இறங்கிப் போனானாம், கப்பல் புறப்படும்வரை திரும்பவில்லையாம். அவ்வளவுதான் கம்பெனிக்காரர்கள் சொன்னது. இறந்தான் என்று சொல்ல உடம்பு இல்லை, இருக்கிறான் என்று சொல்ல ஒரு வார்த்தை இல்லை.

அம்மா முன்னாடியே போய்விட்டாள், அப்பாவும் காத்துக் காத்துப் போய்ச் சேர்ந்தார். எழுமலைக் காட்டைப் பாகம் பிரிக்க வேண்டுமென்று சித்தப்பாக்கள் வந்து நின்றார்கள். முத்திருளன் பங்குக்குக் கையெழுத்துப் போட ஆளில்லை. சட்டத்துக்கு ஏழு வருஷம் போதும், அதற்கு மேல் ஆள் வராவிட்டால் இல்லாதவன்தான். வக்கீல் காட்டிய இடத்தில் தாமரை கையெழுத்துப் போட்டாள், கோர்ட்டும் அப்படியே எழுதிக் கொடுத்தது. அவளுக்கு அது ஒரு காகிதம், அவ்வளவுதான். தாலுகா ஆபீசுக்கு அண்ணன் இல்லாமல் போனால் போகட்டும், தனக்கு இருந்தால் போதும் என்று நினைத்தாள்.

ஆடி பிறந்து காற்று ஆரம்பித்திருந்த ஒரு மத்தியானம். பாட்டு அறைக்கு ஒரு தூக்கில் பருத்திப்பாலோடு தௌஹீத் வந்தான். காஜிமார் தெருவில் குடைக் கடை வைத்திருப்பவன். பழைய மாணவர் சங்கத்துக்குச் செயலாளர். அதையெல்லாம்விட, முத்திருளனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவன். தம்ளரில் ஊற்றி அவளிடம் நீட்டிவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னான்.

"தாமரை, இந்த வருசம் முத்து பேரையும் குடுத்துருக்கேன்."

"எந்த முத்து?" என்று கேட்டாள். தெரிந்துதான் கேட்டாள்.

"நம்ம முத்திருளன்தேன்."

"யாரைக் கேட்டுண்ணே குடுத்தீக?"

"யாரைக் கேக்கணும்? கோர்ட்டுலயே சொல்லிட்டாங்கல்ல. பேப்பர்ல நோட்டீஸ் பாத்தேன்." தௌஹீத் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "வருசா வருசம் வந்து நிக்கிறேன் தாமரை. எவன் எவனுக்கோ பதில் சொல்றாய்ங்க. என் மாப்ள பேரை மட்டும் ஒருத்தனும் கூப்புட மாட்டேங்குறான். செத்தவன்லயும் சேத்தி இல்ல, இருக்கிறவன்லயும் சேத்தி இல்ல. அவன் பேரை ஒருக்கா அந்தக் கோயிலுக்குள்ள சத்தமாக் கூப்புடட்டும். நான் எந்திரிச்சு சொல்லிர்றேன். அதோட என் நெஞ்சு ஆறிரும்."

"ஒங்க நெஞ்சு ஆறிரும். எங்கண்ணன் என்னாவாரு?"

தாமரைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தம்ளரை அப்படியே திருப்பி அவன் கையில் கொடுத்துவிட்டாள். அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் கோபம் இன்னும் கூடியது. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம், இவனை என்ன செய்ய?

நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். சாமுவேல் தங்கப்பாண்டி சார் சிரித்து அந்த வளாகத்தில் யாரும் பார்த்ததில்லை. சிரிக்க வேண்டுமானால் கல்வி அதிகாரியிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும் என்று நினைக்கிறாரோ என்னவோ. முழுக்கை மடிக்க மாட்டார், சேரில் சாய மாட்டார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "பேரு நோட்டீஸ் போர்டுல ஏறிருச்சு டீச்சர்" என்றார்.

"அழிச்சிருங்க சார்."

"ஏத்துன பேரை எறக்குற வழக்கம் இங்க இல்ல."

"எங்கண்ணன் செத்துப்போனதா யாருக்கும் தெரியாது சார்."

"ஒங்க கையெழுத்து இருக்கே டீச்சர்."

தாமரைக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. "அது காட்டுக்காகப் போட்டது சார்," என்றாள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"ஒங்களைப் பதில் சொல்லுங்கன்னு யாரும் கட்டாயப்படுத்தல," என்றார் அவர். "நீங்க ஆர்கன்ல ஒக்காந்திருங்க. தௌஹீத் சொல்லட்டும். ஒரு பேருதானே. ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும்."

ஒரு நிமிசத்தில் முடிந்துவிடும் என்பதுதானே அவள் பயம். அதை அவரிடம் எப்படி விளங்க வைப்பது?

பள்ளி விட்டதும் காஜிமார் தெருவுக்கே போய்விட்டாள். கடையில் கறுப்புக் குடைகளைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தான். ஆடி மாதத்தில் மதுரையில் எவன் குடை வாங்குவான், காற்றில் அது முதலில் பறந்துவிடும். தௌஹீத் அவளைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"அண்ணே, நீங்க பதில் சொல்லாதீக. ஒங்க கால்ல வேணாலும் விழுறேன்."

"அப்புடியெல்லாம் பேசாத." அவன் பதறிப்போனான். "நான் சொல்லாட்டி மட்டும் விட்ருவாய்ங்களா? அம்புட்டுப் பேரும் காத்துக் கெடப்பாய்ங்க. பச்சப் புள்ளைக கெடக்கும், வயசானவுக கெடப்பாக. எம்புட்டு நேரம் பொறுப்பாய்ங்க? எவனாச்சும் எந்திரிச்சு சொல்லிப்புடுவான். எவனோ சொல்றதுக்கு நான் சொல்லலாம்ல? நான்தானே அவன் பக்கத்துல ஒக்காந்தவன்?"

நியாயம்தான். அவன் பக்கத்தில் பார்த்தால் நியாயம்தான். தாமரை தெருவில் இறங்கிவிட்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "தாமரை, அவன் இருப்பான்னு நீ நெசமாவே நம்புறியா?" என்று பின்னாலிருந்து கேட்டான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நம்புகிறேன் என்று சொல்லியிருந்தால் அது பொய், இல்லை என்று சொல்லியிருந்தால் அதுவும் பொய்.

வியாழக்கிழமை மத்தியானம் கடைசி ஒத்திகை. பிள்ளைகள் பாடி முடித்துவிட்டு இறங்கி ஓடிவிட்டார்கள். ஆடிக் காற்று பேராலயத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. எங்கேயோ ஒரு ஜன்னல் கொண்டி விட்டுப்போய், அடிப்பதும் நிற்பதுமாக இருந்தது. வண்ணக் கண்ணாடி வழியாக வந்த வெயில் பலகைகளின் மேல் நீலமும் சிவப்புமாகக் கிடந்தது. வெளியே தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் அசைய அசைய அந்த நிறங்களும் அசைந்தன. தாமரை ஆர்கனின் மேல் கையை மடித்து வைத்து, அதன்மேல் தலையை வைத்தாள். ஒரு நிமிஷம்தான் என்று நினைத்தாள்.

கீழே பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. குடுமி வைத்த பிள்ளைகள், கடுக்கன் போட்ட பிள்ளைகள், காலில் செருப்பில்லாத பிள்ளைகள். பின்னால் காக்கி டவுசர்க்காரர்கள். தொப்பி வைத்தவர்கள். ரெட்டைச் சடைப் பெண் பிள்ளைகள். ஒருவர் பின்னால் ஒருவராக வந்து, தங்கள் தங்கள் இடம் தெரிந்தவர்களாக உட்கார்ந்தார்கள். பலகைகள் நிறையவே இல்லை. எத்தனை பேர் வந்தாலும் இன்னும் இடம் இருந்தது. ஆட்டுவேல் சாமி வெள்ளை அங்கியில் தூணோரம் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை தப்பிப்போய் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். தூணின் தலையில் இருந்த யாளி அவருக்கு உதவியாகக் குனிந்து பார்த்தது.

தாமரை ஒவ்வொரு முதுகாகப் பார்த்தாள். அண்ணனின் முதுகு அவளுக்குத் தெரியும், சட்டை எப்போதும் ஒரு பக்கம் வெளியே வந்திருக்கும். பின்னால் இருந்த வரிசையிலிருந்து முன்வரிசைவரை பார்த்தாள், மறுபடி பார்த்தாள். எல்லாரும் இருந்தார்கள். அவன் மட்டும் இல்லை. அவளுக்கு அந்தத் தூக்கத்திலும் பெரிய சந்தோஷம் வந்தது. சிரித்தாளோ என்னவோ, கன்னம் கையிலிருந்து நழுவிச் சுரக் கட்டைகளின் மேல் அழுந்தி, ஆர்கனில் மிச்சமிருந்த காற்றில் ஒரு சுருதி முனகலாகக் கேட்டது. விழித்துப் பார்த்தாள். கீழே ஒருவரும் இல்லை. ஜன்னல் அடித்துக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பேராலயம் நிறைந்துவிட்டது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வேனில் வந்தவர்கள், கடையை அடைத்துவிட்டு வந்தவர்கள், லீவு போட்டு வந்தவர்கள். ஜரிகை வேட்டியும் இருந்தது, பர்தாவும் இருந்தது. ஒரு கறிக்கடைக்காரர் கை கழுவிய ஈரத்தோடு வந்து வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்தார், வக்கீல் நகர்ந்து இடம் கொடுத்தார். தாமரை பின்மாடத்தில் ஆர்கனுக்கு முன்னால் இருந்தாள். அவளைச் சுற்றிப் பாட்டுக் குழுப் பிள்ளைகள். அங்கிருந்து பார்த்தால் எல்லாருடைய தலையும் தெரியும். நாலாவது வரிசை ஓரத்தில் தௌஹீத்தின் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. முதல் பாட்டில் இரண்டு இடத்தில் பிசகினாள், பிள்ளைகள் விட்டுக்கொடுக்காமல் பாடிவிட்டார்கள்.

தங்கப்பாண்டி சார் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு மேடையேறினார். காலராப் பிள்ளைகளின் பெயர்களைப் படித்தார். முன்வரிசையில் சின்னச் சின்னக் குரல்கள் எழுந்து எழுந்து உட்கார்ந்தன. உள்ளேன் ஐயா. உள்ளேன் ஐயா. ஒரு பொடியன் தன் முறை வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அதில் அழுகை எதுவும் இல்லை. அந்தப் பிள்ளைகள் எல்லாம் எப்போதோ ஆறிப்போனவர்கள்.

பிறகு அந்த வருஷத்துப் பெயர்கள். பால்பாண்டி என்று ஒரு தபால்காரருடைய பெயரைக் கூப்பிட்டார். அவர் மகள் எழுந்தாள். பக்கத்தில் இருந்தவர் அவள் முதுகில் கை வைத்தார். "உள்ளேன் ஐயா" என்று ஒரு வழியாகச் சொல்லி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் தோள் தளர்ந்ததைத் தாமரை மேலிருந்து பார்த்தாள். பாரம் இறங்கிவிட்டது, அப்பா போய்விட்டார்.

"முத்திருளன்" என்று கூப்பிட்டார் தங்கப்பாண்டி சார்.

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயரை ஒருவர் சத்தமாகக் கூப்பிட்டு அவள் கேட்டாள். அந்த உயரமான கூரைக்குள் அது போய் முட்டித் திரும்பி வந்தது. தௌஹீத் எழுந்துவிட்டான். தாமரை கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான், பிறகு தலையைத் திருப்பி மாடத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தபடியே நின்றான். வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. சொல்லவும் இல்லை, உட்காரவும் இல்லை.

எல்லாரும் காத்திருந்தார்கள். தங்கப்பாண்டி சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அடுத்த பெயருக்குக் கண்ணைக்கூட ஓட்டவில்லை. காற்று கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனது. எங்கேயோ ஒரு கைக்குழந்தை சிணுங்கியது, அதன் அம்மா தோளில் போட்டுத் தட்டினாள். மேலே விட்டத்தில் புறாக்கள் நடக்கிற சத்தம்கூடக் கேட்டது. மின்விசிறிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. இது இப்படியே நின்றுவிட்டால் நல்லது என்று தாமரை நினைத்தாள். பதில் வராதவரைக்கும் அண்ணன் எங்கேயோ நடந்து வந்துகொண்டிருக்கிறான், இந்தக் கூட்டம் முழுவதும் அவனுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்தச் சுகம் அவளுக்கு எத்தனை நாளாகக் கிடைக்கவில்லை.

ஆனால் மனிதர்கள் எவ்வளவு நேரம் பொறுப்பார்கள்? யாரோ இருமினார்கள். "சொல்லிருங்கப்பா, பாவம்" என்று ஒரு குரல் முணுமுணுத்தது. நடுவரிசையில் ஒரு பெரியவர் முன்பலகையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்திருக்க ஆரம்பித்தார். அவருக்கு முத்திருளன் யாரென்றே தெரியாது. நல்ல மனிதர், பெயர் அநாதையாக நிற்கிறதே என்று எழுகிறார். இன்னும் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் அவர் சொல்லிவிடுவார். தயிர் உறையவில்லை என்று கவலைப்பட்டவன் அத்தோடு முடிந்துபோவான்.

அவன் உயிரோடு இருக்கிறான் என்று சத்தியம் செய்யச் சொன்னால் தாமரையால் முடியாது. சூடம் அடித்து அவன் இல்லை என்று சொல்லவும் முடியாது. தனக்குத் தெரியாததைச் சொல்லக் கூடாது, மற்றவர்களையும் சொல்ல விடக் கூடாது. தெரிந்ததை மட்டும் சொல்லலாம். அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அவள் ஆர்கனை விட்டு எழுந்து மாடத்தின் விளிம்புக்கு வந்தாள்.

"வரலை சார்," என்றாள்.

கத்தவில்லை. வகுப்பில் பக்கத்துப் பிள்ளைக்காகச் சொல்வது போலத்தான் சொன்னாள். கீழே இருந்த அத்தனை தலையும் திரும்பி மேலே பார்த்தன. அந்தப் பெரியவர் பாதி எழுந்தபடி நின்றுவிட்டார். அத்தனை வருஷத்தில் அந்தப் பேராலயத்தில் அப்படி ஒரு பதிலை யாரும் சொன்னதில்லை. அது பதில்தானா, வழக்கத்தில் அதற்கு இடமுண்டா, அடுத்த பெயருக்குப் போகலாமா கூடாதா என்று கேட்டால் சொல்லக்கூடிய ஆள் அங்கே ஒருவர்தான்.

தங்கப்பாண்டி சார் மாடத்தை நிமிர்ந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். வேலை போனாலும் போகட்டும், கூட்டத்துக்கு நடுவில் திட்டினாலும் திட்டட்டும், சொன்னதை மாற்றிச் சொல்வதில்லை என்று தாமரை கைப்பிடிக் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்தது, துடைக்கக் கை இல்லை. அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையில் இருந்த தாளில் ஏதோ குறித்தார். மூடியைத் திருகி மறுபடி பையில் வைத்தார். காலையில் தாழ்வாரத்தில் நின்று பிள்ளைகளை அதட்டுகிற அதே குரலில், ஒரு சுருக்கம் கூடச் சிரிக்காத முகத்தோடு சொன்னார்.

"சரி. வரும்போது லீவ் லெட்டரோட வரச் சொல்லுங்க டீச்சர்."

தௌஹீத் தொப்பியைக் கழற்றி முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் முதுகு குலுங்கியது. பெரியவரும் உட்கார்ந்தார். தங்கப்பாண்டி சார் அடுத்த பெயருக்குப் போகவில்லை, மேலே பார்த்தபடி காத்திருந்தார்.

"சொல்றேன் சார்," என்றாள் தாமரை.